முப்பதா, தொண்ணூறா

வண்டிக்கு அடியிலிருந்த திருகாணியைக் கழற்றியதும் கறுப்பாகக் குபுகுபுவென்று கொட்டும் என்று நினைத்து வசுமதி முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கொட்டவில்லை. ஓட்டையின் விளிம்பில் ஏதோ திரண்டு, தொங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, பிறகு நூலாக நீண்டு அலுமினியச் சட்டியின் நடுவில் சத்தமே இல்லாமல் சுருள் சுருளாகப் படிந்தது. தேன் நிறம். வண்டியின் பின்னச்சுப் பெட்டிக்குள் பல்சக்கரங்களோடு கிடந்து அரைபட்ட எண்ணெய் இப்படியா இருக்கும், கோயில் பிரசாதம் மாதிரி? "முழுக்க வடிய முக்கா மணி நேரம் ஆவும்மா, நேத்துலருந்து ஓடலையா, குளுந்து கெடக்குது" என்று வண்டி ஓட்டும் சேர்வராயன் ஸ்பேனரைத் துணியில் துடைத்து வைத்துவிட்டு, சமையல்கட்டில் பால் கேனை இறக்கிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டான். ஏற்காட்டு வெயில் கொட்டகையின் தகரத்தில் பட்டும் படாமல் கிடந்தது. மணி இரண்டரை. நாலு மணிக்கு வரதராஜுலு வருவார். அதற்குள் இந்தச் சட்டி நிறைய வேண்டும், பெட்டி காலியாக வேண்டும், கல்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு எண்ணெய் டப்பாக்களில் எதைத் திறப்பது என்று அவள் முடிவு செய்ய வேண்டும். ஒன்றில் முப்பது என்று போட்டிருந்தது. இன்னொன்றில் தொண்ணூறு. டப்பாக்கள் இரண்டும் பெண் பார்க்க வந்த வீட்டில் கூட்டி உட்கார வைத்த மாப்பிள்ளைகள்போல விறைப்பாக இருந்தன. அவள் சட்டியைப் பார்த்தாள். தேன் நூல் அறுபடவில்லை. அதிலிருந்து ஒரு வாசனை வந்தது, கூடவே அந்த வாசனையைத் தனக்குத் தெரியும் என்ற நினைப்பும் வந்தது. எங்கே என்றுதான் வரவில்லை.

வண்டிக்கு இங்கே எல்லோரும் வைத்த பெயர் தவளை. பச்சை நிறம், முன்னால் இரண்டு விளக்கு முழிக்கும், ஏற்றத்தில் குதித்துக் குதித்துத்தான் ஏறும். ஏதோ ஒரு மூடிப்போன கோல்ஃப் மைதானத்திலிருந்து ஏலத்தில் வந்தது, பெட்ரோலில் ஓடுவது. பேட்டரி வண்டி ஒன்று முன்பு வாங்கிப் பார்த்தார்களாம், இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கிப் பின்னால் வந்துவிட்டதாம். இந்த முதியோர் குடியிருப்பில் மேல் வரிசையில் ஆறு வீடுகள், கீழே பொதுக்கூடமும் மூன்று கட்டில் போட்ட அறைகளும். மேலே போகிற பாதை ஒரு வண்டி அகலம், கார் நுழையாது, ஒரு பக்கம் மிளகுக் கொடி ஏறிய சவுக்கு மரங்கள், மறுபக்கம் ஒன்றுமில்லை. நடக்க முடியாதவர்கள் மேல் வீட்டில் இருக்கலாம், வண்டி ஓடுகிற வரைக்கும். வண்டி நின்றால் கீழே வந்துவிட வேண்டும். அதுதான் விதி, எழுதிக் கையெழுத்து வாங்கிய விதி. போன வாரம் தவளை வளைவில் முனகியது, முனகல் இல்லை, ஊளை, பாதை முழுக்கக் கேட்டது. வரதராஜுலு, மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது சங்கச் செயலாளர், உடனே வந்துவிட்டார். "தங்கச்சி, நான் கொடுமைக்காரன் கெடையாது. ஆனா அது ஏறும்போது நடுவுல பல்லு ஒடைஞ்சு பின்னாடி உருண்டா உள்ள இருக்கறது உங்கம்மா. வியாழக்கிழமை நாலு மணிக்கு நானே ஒக்காந்து மேல போறேன். சத்தம் கேட்டுச்சுன்னா வண்டி எடைக்குத்தான். அம்மா கீழ் ரூமுக்கு. சரியா?" சரி என்றுதான் சொல்ல முடிந்தது, அவர் சொன்னதில் தப்பில்லை. அதை அம்மாவிடம் சொன்னபோது செங்கமலம் வாக்கரைப் பிடித்தபடி வெந்தயம் புடைத்துக்கொண்டிருந்தாள், ஒரு கையால் எப்படிப் புடைக்க முடியும் என்று வசுமதிக்கு இன்றுவரை புரியவில்லை. "எனக்கென்ன, எங்க போட்டாலும் இருந்துக்குவேன்" என்றாள். எழுபத்தாறு வருடமாக அவள் சொல்லும் ஒரே பதில். மாமியார் வீட்டில் ஆறு பேரோடு ஒரே அறையிலும், அப்பாவின் மில் குவார்ட்டர்ஸில் சமையலறைத் தரையிலும், தம்பியின் பெங்களூர் ஃப்ளாட்டில் வரவேற்பறை சோபாவிலும் சொன்ன அதே பதில். ஆனால் இங்கே வந்த பிறகு மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள், மகள் வெளியே நின்றாலும். தட்டினால், "ரெண்டு நிமிசம் இரு" என்கிறாள். உள்ளே ஒன்றும் செய்வதில்லை. வசுமதி ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள், அம்மா சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கதவைப் பார்த்தபடி.

முப்பதா தொண்ணூறா. சேலத்தில் ஆயில் கடைக்காரர் அவள் வாயைத் திறக்கும் முன்பே டப்பாவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். "பின்னாடி கிரௌனுக்குத்தானுங்க? தொண்ணூறு. கண்ண மூடிட்டு ஊத்துங்க." "லாரி இல்லைங்க, கோல்ஃப் வண்டி, பெட்ரோல்." "ரதமாவே இருக்கட்டுங்க. பின்னாடின்னா தொண்ணூறு." சேலம், நாமக்கல், சங்ககிரி, இந்தப் பக்கம் பிறந்தவனுக்கு ரத்தத்திலேயே லாரி ஓடுகிறது, அவனிடம் போய் வேறு அச்சு உண்டு என்றால் நம்புவானா? சேர்வராயனோ எதிர்க்கட்சி. தவளையோடு கூடவே வந்த மைதானத்து மெக்கானிக் ஒருவர் இரண்டு நாள் இருந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாராம், முன்னாடி என்ஜினுக்கு எந்த டப்பாவோ பின்னாடிக்கும் அதே டப்பா, முப்பது. அதைக் கேட்டதும் வசுமதிக்குச் சிரிப்பு வந்தது. சோம்பேறி மெக்கானிக், ஒரே டப்பாவில் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தாள். இருக்கைக்கு அடியில் எந்த எண்ணெய் என்று சொல்லும் தகடு ஒன்று இருந்தது, ஆனால் பத்து வருடம் யார் யாரோ இருக்கையைத் தூக்கித் தூக்கி வைத்ததில் எழுத்து தேய்ந்து வெறும் வெள்ளித் தகடாகிவிட்டது. அவள் நேற்று முழுக்கப் படித்தாள். படிப்பது அவளுக்கு நோய், பத்தொன்பது வருடம் ஒஹையோவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியல் போட்டவள், எந்தப் புத்தகம் எந்த எண்ணின் கீழே என்று கேட்டுக் கேட்டு வாழ்ந்தவள். அப்படிப் படித்ததில்தான் அந்த விஷயம் தட்டுப்பட்டது, தட்டுப்பட்டதும் எழுந்து நின்றுவிட்டாள்: முப்பதும் தொண்ணூறும் ஒரே கோலால் அளந்தவை அல்ல. என்ஜின் எண்ணெய்க்கு ஒரு அளவுகோல், கியர் எண்ணெய்க்கு வேறு அளவுகோல். தொண்ணூறு என்றால் முப்பதைப்போல் மூன்று மடங்கு கெட்டி என்று இத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவளும் நினைத்தாள். உண்மையில் கியர்க்காரர்களின் தொண்ணூறு என்ஜின்காரர்களின் நாற்பது, ஐம்பதுக்குப் பக்கத்து வீடு. முப்பதுக்கும் அதற்கும் நடுவே ஒரு தெருதான். ஆக இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே குளத்துத் தண்ணீரை இரண்டு பெயரில் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். இதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அங்கே இருந்தபோது குளிரை அவர்கள் ஃபாரன்ஹீட் கணக்கில் முப்பது என்பாள், தொலைபேசியில் அம்மா, "முப்பதா? இங்கயும் முப்பதுதான், ஃபேன் போட்டிருக்கேன்" என்பாள். பத்தொன்பது வருடம் இரண்டு பேரும் முப்பதிலேயே இருந்தார்கள்.

சட்டியில் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று அமிழ்ந்து மட்டமாகிக்கொண்டிருந்தன. வாசனை இப்போது கொஞ்சம் கூடியிருந்தது. கந்தகம் இல்லை. தொண்ணூறு எண்ணெய் என்றால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்க வேண்டும், அந்தக் கந்தகம்தான் பல்லும் பல்லும் வழுக்கி உரசுகிற இடத்தில் நடுவில் நின்று காப்பாற்றுகிறதாம். அந்த டப்பாவின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள், ஆமாம், முட்டை. மறுபடி சட்டியை முகர்ந்தாள். இது வேறு. வயிற்றுக்குள் எதுவோ சுருண்டுகொண்டது, பயம் மாதிரி, ஆனால் பயமில்லை, சனிக்கிழமை மாதிரி. சனிக்கிழமை மாதிரி என்று ஏன் தோன்றுகிறது? ஒஹையோவின் சனிக்கிழமைகளில் வாசனையே கிடையாது, பனி எல்லாவற்றையும் மூடிவிடும், நூலகத்துக்குப் பின்னால் தோட்டக்காரர்களின் வண்டிகள் இதே தவளை ஜாதிதான், வரிசையாகப் பனித்தொப்பி போட்டு நிற்கும். அங்கேயிருந்துதான் போன திங்கட்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒரு வருட வேலை, பழைய மேஜை, நீ வந்தால் நன்றாக இருக்கும், வெள்ளிக்கிழமைக்குள் சொல். நாளை வெள்ளிக்கிழமை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவை விட்டுவிட்டு எப்படி என்று தனக்குத்தானே ஒரு பதில் எழுதி அழித்துவிட்டாள். எட்டு மாதம் ஆகிறது திரும்பி வந்து, வந்தது அம்மாவுக்காக என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று, தம்பி அதை நன்றியோடு எல்லோருக்கும் சொல்கிறான். ஆனால் அம்மா கீழ் அறைக்குப் போய்விட்டால்? மூன்று கட்டில், பார்த்துக்கொள்ள ஆள், மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் விளக்கணைப்பு. அப்போது மகள் இருந்து என்ன செய்யப்போகிறாள்? போகலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இந்த நினைப்பு எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்தபோது கை டப்பாவின் மூடியை இன்னும் விடவில்லை. தவறான எண்ணெயை ஊற்றினால் போதும். யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது, ஏனென்றால் எது தவறு என்று அவளுக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே செய்யலாம். வரதராஜுலு இரண்டாவது வளைவில் கையைத் தூக்கி நிறுத்து என்பார், அவ்வளவுதான், முடிவை வண்டி எடுத்துவிடும். மூடியைத் திருகி இறுக்கினாள், தேவைக்கு மேல் இறுக்கினாள். அப்படி ஒருத்தி தனக்குள் உட்கார்ந்து இரண்டு டப்பாவையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சரியானதைக் கண்டுபிடிக்க வேண்டும், பிடித்ததை அல்ல.

பழைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். நாற்பத்தெட்டு வயதில் முதுகு ஒவ்வொரு கல்லையும் எண்ணிச் சொன்னது. மேலே இரும்பின் வயிறு, புழுதி, ஒரு சிலந்தி. கடைக்காரர் சொன்ன கிரௌன், அந்தப் பெரிய பல்சக்கரம், எங்கே? லாரியில் என்ஜின் முன்னால் நீளவாக்கில் கிடக்கும், நீளமான தண்டு நடுவே ஓடிப் பின்னால் வரும், வந்து அங்கே சுழற்சி ஒரு மூலை திரும்ப வேண்டும், நேராக வந்தது பக்கவாட்டில் போக வேண்டும். அந்த மூலையில்தான் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று வழுக்கி உரசுகின்றன, அங்கேதான் முட்டை நாற்றக் கந்தகம் வேண்டும். இங்கே? அவள் விரலால் காற்றில் கோடு போட்டாள். என்ஜின் குறுக்கே படுத்திருக்கிறது. அச்சும் குறுக்கே. நடுவில் ஒரு பெல்ட். எல்லாம் ஒரே திசையில் உருள்கின்றன, எங்கேயும் எதுவும் மூலை திரும்பவில்லை. திரும்பவே இல்லை! பல்லும் பல்லும் நேருக்கு நேர் உருண்டு விலகிவிடும், வழுக்கல் அதிகமில்லை, அப்படியென்றால் கந்தகம் எதற்கு? சோம்பேறி மெக்கானிக்கை நினைத்தாள். அவர் சோம்பேறி இல்லை. அவர் இப்படிப் படுத்துப் பார்த்திருக்கிறார், அல்லது பார்த்த ஒருவரிடம் கற்றிருக்கிறார். நாமக்கல் கண்ணுக்கு எல்லாப் பின்பக்கமும் லாரியாகத் தெரிவதுபோல் ஒஹையோ கண்ணுக்கு எல்லா ஒற்றை டப்பாவும் சோம்பலாகத் தெரிந்திருக்கிறது. அச்சின் நடுவில் உப்பியிருந்த பெட்டியைத் தடவினாள். இதற்குள்தான் அந்த விசித்திரம், வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக, இரண்டுக்கும் ஓட்டம் வருவது ஒரே இடத்திலிருந்து, ஆனாலும் இரண்டும் வேறு வேறு வேகத்தில் போக விடுகிறது. போன வாரம் அம்மாவுக்கு இதை இரண்டு வளையலை வைத்து விளக்கினாள். அம்மா வளையல்களைப் பார்க்கவே இல்லை. "இது என்னடி பெரிய அதிசயம். எங்க மாமியா வீட்ல பெரியவ ஓடிட்டே இருப்பா, சின்னவ நின்ன எடத்துல நிப்பா, ரெண்டு பேருக்கும் சோறு ஒரே பானை. அதுக்கு யாரும் எண்ண ஊத்தல" என்றாள். பிறகு, கொஞ்சம் கழித்து, புடைப்பதை நிறுத்தாமலேயே, "அதுக்குள்ள என்ன எண்ண ஊத்துவாங்க?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள்? வசுமதி அப்போது அதைக் கவனிக்கவில்லை. அம்மாவுக்கு எண்ணெய் பற்றி என்ன.

சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. இந்தத் தடவை கறுப்பு. சாக்கிலிருந்து நகர்ந்து வந்து சட்டியை இழுத்துப் பார்த்தாள். இரண்டும் கலக்கவில்லை. கறுப்பு மேலே மிதந்தது, தேன் கீழே படிந்து கிடந்தது, நடுவில் வெட்டினாற்போல் ஒரு கோடு. தண்ணீரும் எண்ணெயும் அப்படிக் கிடக்கும், எண்ணெயும் எண்ணெயுமா? கிளை ஒடித்துக் கலக்கினாள், கலங்கியது, விட்டதும் மெல்லப் பிரிந்தது. கறுப்பை விரலில் தொட்டு வெயிலில் பிடித்தாள், விபூதி தூவியதுபோல் மிக நுண்ணிய வெள்ளி மினுக்கம், உரசிப் பார்த்தால் நறநறப்பு இல்லை, பல் உடையவில்லை. நல்லது. தேனை ஆட்காட்டி விரலில் எடுத்து மூக்கருகே கொண்டு போனாள், கொண்டு போன கணத்தில் அவளுக்கு ஏழு வயதாகிவிட்டது. கோடை விடுமுறையின் முதல் சனிக்கிழமை, மில் குவார்ட்டர்ஸ், விடியல், அம்மா இடது கையால் மூக்கைப் பிடித்து வலது கையால் கரண்டி, முழுங்குடி, முழுங்கிட்டேன்னு சொல்லு, தொண்டையில் கயிறாக இறங்குகிற அந்தக் கெட்டி, பின்னாலேயே ஒரு துண்டு வெல்லம், அப்புறம் நாள் முழுக்க கொல்லைக்கும் பாய்க்கும் நடை. விளக்கெண்ணெய். தவளையின் பின்னச்சுக்குள் விளக்கெண்ணெய். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பின் நடுவே யார் என்ற கேள்வி வந்ததும் அது பாதியில் நின்றது. உலகத்தில் அவளுக்குத் தெரிந்து விளக்கெண்ணெயைச் சீசாவில் வைத்திருக்கிற ஆள் ஒருத்திதான். கண்ணுக்கு, காலுக்கு, கதவுக் கீலுக்கு, எல்லாவற்றுக்கும். சேர்வராயன் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. அவன் சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு மிளகுக் கொடியைப் பார்த்தான்.

"அண்ணே, இங்க வாங்க. இது என்ன?" "எண்ணதாம்மா." "எந்த எண்ண?" "வண்டி எண்ண." "மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க." சேர்வராயன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், ஐம்பது வயது மனிதன், பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவன் முகம். "ரெண்டு மாசம் முந்தியே மொதல்ல கத்துச்சும்மா. நீங்க சேலம் போயிருந்த அன்னிக்கி. மழைக்கு இந்தப் பக்கத்து ரப்பர் சீல் போயி ஒழுகியிருக்கு, எனக்குத் தெரியல. அம்மா உள்ள ஒக்காந்திருந்தாங்க. சேர்வா, நிறுத்து, கேட்டியான்னாங்க. கேட்டுச்சுன்னேன். செயலாளர் காதுல விழுந்துதான்னாங்க. இல்லேன்னேன். அப்ப வா வீட்டுக்குன்னு சொல்லி ஒரு சீசா குடுத்து இத ஊத்துன்னாங்க. எங்கப்பாரு கட்ட வண்டி அச்சுக்கு இதத்தாண்டா போடுவாரு, சேலத்துலருந்து மேட்டூர் வரைக்கும் ஒரு முனகல் வராதுன்னாங்க." "நீங்க ஊத்திட்டீங்க." "ஊத்துனனா? அவுங்க நின்னு ஊத்த வெச்சாங்கம்மா! வாக்கரப் புடிச்சுகிட்டு வந்து கிட்டக்க நின்னு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு." அவன் தலையைச் சொறிந்தான். "மககிட்டச் சொன்னீன்னா உன் வண்டில ஏற மாட்டேன்னுட்டாங்க. அப்புறம் கத்தவே இல்ல பாருங்க, ரெண்டு மாசம். இந்தத் தை குளுருலதான் மறுபடியும். சீல நான் போன வாரமே மாத்திட்டேன், சாமி சத்தியமா." "வேற என்ன சொன்னாங்க?" சேர்வராயன் யோசித்தான். "ஒண்ணும் சொல்லல. திரும்பிப் போறப்ப மட்டும், எனக்கு அந்த ரூம்ல தூக்கம் வராதுடா சேர்வான்னாங்க. எந்த ரூம்னு நான் கேக்கல."

எங்க போட்டாலும் இருந்துக்குவேன் என்ற வாய். அந்த வாய்க்குப் பின்னால் ஒருத்தி வாக்கரை உந்திக்கொண்டு வெளியே வந்து, மலைச் சரிவில் நின்று, ஒரு இரும்புப் பெட்டிக்கு விளக்கெண்ணெய் புகட்டியிருக்கிறாள், மூக்கைப் பிடிக்காத குறையாக. தன் வீட்டைக் காப்பாற்ற. ஒழுகிப்போய்க் குறைந்த இடத்தை அந்த எண்ணெய்தான் நிரப்பியிருக்கிறது, இல்லையென்றால் பல் எப்போதோ தேய்ந்து உடைந்திருக்கும். குளிருக்கு உறைந்து அடியில் பிசினாகப் படிந்திருக்காவிட்டால் அதுவே இன்னும் ஓட்டியிருக்கும். சரியில்லைதான், ஆனால் தப்பென்று ஒரே வார்த்தையில் எந்த எண்ணின் கீழும் வைக்க முடியாத எண்ணெய். அவள் முப்பது டப்பாவை எடுத்தாள். இப்போது கை யோசிக்கவில்லை. முதலில் கொஞ்சம் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பிசினைக் கழுவி வடித்தார்கள். பிறகு திருகாணியை முடுக்கி, பக்கத்துத் துளை வழியாகக் குழாய் வைத்து மெல்ல மெல்ல ஊற்றினாள், அந்தத் துளையின் உதட்டில் எண்ணெய் வந்து எட்டிப் பார்க்கும் வரை, அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. தொண்ணூறு அப்படியே படியில் இருந்தது. "அத என்னம்மா பண்றது?" "லாரி வெச்சிருக்கறவங்களுக்குக் குடுங்க, அண்ணே." மணி நாலு அடிக்க ஐந்து நிமிடம். வரதராஜுலு குல்லாவோடு வந்தார்.

சேர்வராயன் தவளையைக் கிளப்பினான். வரதராஜுலு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், மின்மாற்றியின் இரைச்சலைக் கேட்டுப் பழகிய காது. வசுமதி பின்னால் திரும்பிச் சரிவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், அவளுக்குக் கீழே, ஒரு கை தூரத்தில், அந்தப் பெட்டி. இரண்டாவது வளைவு. வெளிச் சக்கரம் நீளமாக ஓட ஆரம்பித்தது, உள் சக்கரம் நின்று நின்று நடந்தது. என்ஜின் தொண்டையைச் செருமியது, பெல்ட் சரசரத்தது, மிளகுக் கொடியில் ஒரு குருவி, அவ்வளவுதான். ஊளை வரும் என்று காத்திருந்த இடம் காலியாகக் கடந்து போனது. "ஹூம்" என்றார் வரதராஜுலு, அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. "என்ன மேஜிக்? தொண்ணூறா?" "முப்பது சார்." "முப்பதா! பின்னாடிக்கா!" இறங்கும் வரைக்கும் அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் வண்டியை ஒப்புக்கொண்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செங்கமலத்தைப் பார்த்து, "இருங்கம்மா, இங்கயே இருங்க. அடுத்த தைக்குப் பாக்கலாம்" என்றார். "எனக்கென்ன" என்றாள் அம்மா அவரைப் பார்க்காமல், "எங்க போட்டாலும் இருந்துக்குவேன்."

சேர்வராயன் அவரைக் கீழே நடத்திக் கூட்டிப் போனான், வண்டியை வசுமதி ஓட்டி வரட்டும் என்று. அவள் கைப்பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்தாள், பத்தொன்பது வருடம் புத்தக முதுகுகளில் எழுதிய கை, இருக்கையைத் தூக்கி, தேய்ந்து வெறுமையாகிப்போன தகட்டைத் துப்பட்டாவால் துடைத்து, எழுதினாள்: பின்பெட்டி. என்ஜின் எண்ணெய் முப்பது. பக்கத் துளை மட்டம் வரை. வேறு எதுவும் வேண்டாம். எழுத்து நன்றாக வந்தது, நூலகத்து எழுத்து, தள்ளி நின்று பார்த்தாள். "என்னடி எழுதறே?" என்றாள் அம்மா. படித்துக் காட்டினாள். அம்மாவின் வாயோரம் சுருங்கியது. "வேற எதுவும் வேண்டாம்னு எழுதுனது எனக்கா?" "பின்ன யாருக்கு? விளக்கெண்ண வேண்டாம்னு எழுதினா வரதராஜுலு கேப்பாரேன்னு விட்டேன்." "அந்தப் பய சொல்லிட்டானா." "சொல்லிட்டாரு." "ரெண்டு மாசம் ஓடிச்சு பாத்தியா." "ஓடிச்சும்மா. அதனாலதான் பல்லு தப்பிச்சுது." அம்மா இதை வாங்கி வைத்துக்கொண்டாள், முகத்தில் காட்டவில்லை. தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு அந்தத் தூரத்திலிருந்து எழுத்து தெரிய வாய்ப்பில்லை. "அப்ப நீ போறதுன்னு முடிவு பண்ணிட்டே" என்றாள். வசுமதி நிமிர்ந்தாள். மின்னஞ்சலைப் பற்றி யாரிடமும், ஒரு வார்த்தைகூட. "யாரு சொன்னா?" "கூடவே இருக்கறவ வாயால சொல்லுவா. போறவதான் எழுதி வெப்பா." வசுமதி தகட்டைத் திரும்பப் பார்த்தாள். மை இன்னும் காயவில்லை. எழுதும்போது சேர்வராயன் மறந்துவிடுவான் என்றுதான் நினைத்தாள், சேர்வராயன் மறக்காவிட்டால் வேறு ஆள் வருவான் என்று நினைத்தாள், எல்லோரையும் நினைத்திருக்கிறாள், தன்னைத் தவிர. அந்த முடிவு எப்போது வந்தது? சட்டியின் அருகிலா, வளைவிலா? துடைக்கலாமா என்று கை போனது, போய் நின்றது. "அம்மா, நான் இன்னும் அவங்களுக்குப் பதில் போடல." "போடு" என்றாள் செங்கமலம். வாக்கரை இழுத்து அவளாகவே எழுந்தாள், பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டாள். "போயிட்டு வா. எனக்கென்ன. எனக்கு வீடு இருக்கு." சொல்லிவிட்டு உள்ளே போனாள், ஒவ்வொரு அடியாக, கதவு சாத்தியது, பிறகு, அவசரமே இல்லாமல், உள்தாழ்ப்பாள் விழுந்தது, எண்ணெய் போட்ட தாழ்ப்பாள், கிறீச்சென்று ஒரு சத்தம் வரவில்லை.